கடுகு டாக்டரும் ஒரு சத்து ஊசியும்

இருவரில் இளையவளாகப் பிறந்த அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்தவர் அவளுடைய அண்ணன். பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் உண்டு. பட்டமளிப்பு விழாவில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார்கள். ஆனால் அவள் மேடையை விட்டு இறங்கியதும் கூட்டத்தின் நடுவிலிருந்து அண்ணன் "கடுகு!" என்று கத்தியதில், உடன் படித்தவர்களும் அன்றோடு பழைய பெயரை மறந்துபோனார்கள். ஆளும் சிறியவள், சூடு பட்டால் வெடிக்கவும் செய்வாள். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய பெருமை தன்னுடையது என்று அண்ணன் இப்போதும் சொல்லிக்கொள்வதுண்டு.

அவளுடைய கோபத்தைப் பற்றிக் குடும்பத்தில் கதைகள் பல. தன் திருமணத்தன்றே, திரைச்சீலைக்குப் பக்கத்தில் சூடான விளக்கை நிறுத்தியிருந்த புகைப்படக்காரரை மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி ஏசினாள் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கதை. சீலை பொசுங்கிய பிறகு ஏசினாளா, பொசுங்கும் முன்பே பார்த்துவிட்டாளா என்பதில்தான் கருத்து வேற்றுமை. கணவர் கப்பலில் பொறியாளர். ஆண்டில் பாதியைக் கடலில் கழிப்பவர். அந்த இல்லறம் இத்தனை நன்றாக நடப்பதற்குக் கடலும் ஒரு காரணம் என்று மாமியார் வேடிக்கையாகச் சொல்வார். இருந்தாலும், காரணமில்லாமல் அவள் சீறினாள் என்று எவரும் சொன்னதில்லை. அதுதான் எல்லோருக்கும் தொல்லையாக இருந்தது. வீண்கோபக்காரி என்றால் காதில் போட்டுக்கொள்ளாமல் போய்விடலாம். இவள் சொல்வது ஒவ்வொரு முறையும் சரியாக இருந்து தொலைத்தது.

கால்நடை மருத்துவம் படித்து, பிறரிடம் சில ஆண்டுகள் வேலை பார்த்து, அங்கிருந்த எல்லோரிடமும் சண்டை போட்டு முடித்தபின், முன்பு தையல் கடை இருந்த ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாக நாய் ஆஸ்பத்திரி தொடங்கினாள். முன்னறையில் இரண்டு பெஞ்சுகள். நடு அறையில் எஃகு மேசை. அதன் ஒரு காலுக்கு அடியில் மடித்துச் செருகிய அட்டை. பின்னறையில் கருவிகளைக் கொதிக்கவைக்கும் ஸ்டெரிலைசர், ஒரு ஃபிரிட்ஜ், சன்னலோரமாக மைக்ராஸ்கோப். தரையின் விரிசல்களில் தையல் கடைக்காலத்துப் பொத்தான்கள் எப்போதாவது அகப்படும். மைக்ராஸ்கோப்பைத் தொட அவளைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை. உதவிக்கு இருந்த கம்பவுண்டர் அவளைவிட வயதில் மூத்தவர். வசவு விழும் நேரத்தில் மட்டும் காது மந்தமாகிவிடும் வரம் பெற்றவர். அதனால்தான் நிலைத்தார்.

அவளுடைய கோபத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது உண்ணி. நாய்க்கு உண்ணி கடித்தால் அரிப்பெடுக்கும் என்பதோடு பலருடைய அறிவு நின்றுவிடுகிறது. இரத்தத்தை உறிஞ்சும்போதே அது தன் வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகளை நாயின் உடம்புக்குள் இறக்கிவிடும். ஒரு வகை சிவப்பணுவுக்குள் குடியேறி, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியேறும். நாய் வெளுத்துப்போகும், சிறுநீர் கருக்கும். இன்னொரு வகை வெள்ளையணுவில் பதுங்கிக்கொண்டு, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். இரண்டும் ஒருசேர வருவதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று பார்க்காமல் ஊசி போடுவது குருட்டாம்போக்கு. பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. காது நுனியில் குத்தி, முதல் சொட்டைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, காயவைத்துச் சாயம் ஏற்றினால் தெரிந்துவிடும்.

ஆனால் அதற்கு நாய் அவளிடம் வந்து சேர வேண்டுமே. "ரெண்டு நாளா சாப்பிடலை டாக்டர், சூடுன்னு நெனச்சோம்" என்பார்கள். "எங்க வீட்டு நாய்க்கு உண்ணியெல்லாம் கிடையாது டாக்டர்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்த நாயின் கால்விரல் இடுக்கிலிருந்து ஒன்றை இடுக்கியால் பிடுங்கி அவருடைய உள்ளங்கையில் வைத்து, "இது என்ன, மச்சமா?" என்று கேட்டிருக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவளைக் கொதிக்கவைத்தவர் மார்க்கெட் முனையில் மீன்தொட்டியும் பறவைக்கூண்டும் விற்கும் கடைக்காரர். நாய்க்கு எது வந்தாலும் அவர் ஓர் ஊசி போடுவார். நன்றாகிவிட்டால் அவர் கைராசி. நன்றாகாவிட்டால் நாய் கடுகு டாக்டரின் மேசையில் வந்து சாகும். ஒரு முறை அவள் நேரில் போய்த் தெருவே கூடும்படி கத்தினாள். புகாரும் கொடுத்தாள். அதிகாரிகள் வந்தார்கள், கடை சில நாள் பூட்டிக் கிடந்து மறுபடி திறந்தது. அதன்பிறகு கடைக்காரர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். என்ன ஊசி போட்டீர்கள் என்று யார் கேட்டாலும், "வெறும் சத்து ஊசிதாங்க" என்பார்.

அண்ணனுடைய முதல் நாயும் அப்படி ஆறப்போட்டு, கடைசி மூச்சில் கொண்டுவரப்பட்டதுதான். அது இறந்த வாரம், உறவினர் பலர் கூடியிருந்த சாப்பாட்டு மேசையில் யாரோ ஆறுதலாக, "பாவம், நோய் வந்து போயிடுச்சு" என்றபோது கடுகு கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நோயில போகலை. உன் சோம்பல்ல போச்சு. நீதான் அண்ணா கொன்னே." அண்ணன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார். அவர் மறுபடி அவளோடு முகம் கொடுத்துப் பேச நெடுநாளாயிற்று. சரியைத்தானே சொன்னேன் என்பதுதான் அன்று அவளுடைய கட்சி.

பிறகு அண்ணி தெருவிலிருந்து ஒரு குட்டியைக் கொண்டுவந்து வளர்த்தார். அதற்குத் துரை என்று பெயர். நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் எதிரே நின்று முறைத்தே எழுப்பிவிடும். அந்த அதிகாரத்துக்காக வைத்த பெயர். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அண்ணன் தன் சாப்பாட்டைத் துரையிடம் காட்டாமல் தொட்டதில்லை.

துரையைப் போர்வையில் சுற்றி அண்ணன் தூக்கிக்கொண்டு வந்த நாளில், கடுகு அந்தப் போர்வையை விலக்குவதற்கு முன்பே முகத்தைப் பார்த்துவிட்டாள். நாயின் முகத்தையல்ல, அண்ணனுடையதை.

"நேத்துலேர்ந்து கொஞ்சம் சோர்வா இருக்கான்," என்றார்.

அவள் நாயின் உதட்டைத் தூக்கினாள். ஈறு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, ஓரத்தில் மஞ்சள் ஓடியிருந்தது. "நேத்துலேர்ந்தா?"

"முந்தாநாள்னு வச்சுக்கோயேன்."

"வச்சுக்கறதுக்கு இது என்ன பேரமா? மூத்திரம் என்ன நிறம்?"

அண்ணி பின்னாலிருந்து, "காப்பித் தண்ணி மாதிரி," என்றார்.

கடுகு இடது விலாவின் கீழ் விரலை வைத்தபோது மண்ணீரல் வீங்கியிருந்தது. காது மடலுக்குள் இரண்டு உண்ணிகள் பட்டாணிபோல் பருத்துக் கிடந்தன. இதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம் என்று முணுமுணுத்துக்கொண்டே சொட்டு எடுத்து, தகட்டில் இழுத்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

இரத்தம் சிதைந்திருந்தது. சிவப்பணுக்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, எண்ணிக்கையில் தேய்ந்து, எலும்பு மஜ்ஜை அவசரமாக அனுப்பிய பிஞ்சு அணுக்களோடு கலந்து கிடந்தன. தட்டணுக்கள் தேடினால்தான் கிடைத்தன. ஆனால் அணுக்களின் உள்ளே பேரிக்காய் வடிவில் இரட்டை இரட்டையாக உட்கார்ந்திருக்க வேண்டிய அந்த ஒட்டுண்ணியைக் காணவில்லை. தகட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். இன்னொரு தகடு இழுத்தாள். வீடு சூறையாடப்பட்டிருக்கிறது, ஆனால் திருடன் இல்லை.

மேசைக்குத் திரும்பி நாயின் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தடவினாள். பின்தொடையைத் தொட்டதும், தலை தூக்கத் தெம்பில்லாத துரை பல்லைக் காட்டியது. தசை புடைத்திருந்தது. முடியை விலக்கினால், தோலில் மஞ்சள் கறை.

"இங்க யார் ஊசி போட்டது?"

"ஊசியா? கேட்ல இடிச்சுக்கிட்டான்," என்றார் அண்ணன்.

"கேட்டுக்கு மஞ்சள் பெயிண்டா?"

"பச்சை," என்றார் அண்ணி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அண்ணன் அவரைத் திரும்பிப் பார்க்க, அண்ணி சுவரைப் பார்த்தார்.

கடுகின் காதுகள் சிவந்தன. கம்பவுண்டர் அதைக் கண்டதும் பஞ்சு எடுத்துவர என்று பின்னறைக்குப் போய்விட்டார்.

அவளுடைய கோபம் அந்தப் பொய்யின் மீது மட்டுமல்ல. அந்த மஞ்சளின் மீதும்தான். சத்து ஊசியும் மஞ்சள். அந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் ஒரு மருந்தும் மஞ்சள். போட்டது வெறும் சத்து என்றால், நாயின் உடம்பே தன் இரத்தத்தை எதிரியென்று எண்ணி அழித்துக்கொண்டிருக்கலாம். அதை அடக்கக் கடுமையான வேறு மருந்து வேண்டும். இல்லை, ஒட்டுண்ணி கண்ணில் படாத அளவுக்குக் குறைவாக இருந்துகொண்டு கொல்கிறது என்றால், உடனே ஊசி போட வேண்டும். ஆனால் யாரோ அந்த ஊசியை ஏற்கெனவே போட்டிருந்தால், அவள் போடும் இன்னொன்று மூளையில் இரத்தம் கசியச் செய்து நாயைக் கொன்றுவிடும். அவளுடைய கையாலேயே. இரத்தத்தைப் பெரிய பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் விடை வரும். வரும்வரை துரை இருக்காது.

"அண்ணா, வெளையாடாதே. போட்டாங்களா, இல்லையா?"

"அதான் இல்லைன்றேனே!" என்று கத்திவிட்டு அண்ணன் வெளியே போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடுகு அண்ணியின் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லுங்க அண்ணி. நான் திட்ட மாட்டேன்."

"இப்பவே திட்டுற குரல்லதான் கேக்கறே."

"என் குரலே இதுதான்!"

"அதைத்தான் சொல்றேன்," என்றார் அண்ணி. "சொல்ல மாட்டேன்னு அவர் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். நீ போய் அவர்கிட்டயே கேளு. ஆனா இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போகாதே."

அவள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். கழுவினால் போகிற மூஞ்சியா அது. காருக்குப் போய், முன் கதவைத் திறந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நடந்த பேச்சைப் பற்றி இருவரும் பின்னாளில் சொன்னவை பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போனது மட்டும் இது.

"உன்கிட்ட கொண்டுவரத்தான் கார் எடுத்தேன்," என்றார் அண்ணன். "பாதி வழியில நீ அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னது ஞாபகம் வந்துச்சு. மறுபடியும் லேட்டு. மறுபடியும் நான்தான். வண்டியைத் திருப்பிட்டேன். கடைக்காரன்கிட்ட போனேன். அவன் என்னை ஒண்ணும் கேக்கலை."

"என்ன போட்டான்?"

"சத்து ஊசின்னான்."

"நம்பிட்டியா?"

"நம்பணும்னு இருந்துச்சு."

பதிலுக்கு அவளுக்குள் எழுந்த வசவுகளை வரிசைப்படுத்தினால் ஒரு மணி நேரம் ஆகும். நாய்க்கு நேர்ந்த தாமதத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று அறிந்தபோது அவளுக்கு வெட்கம் வரவில்லை. கோபம் இன்னும் கூடியது. சரியாகச் சொன்னதற்கா இந்தத் தண்டனை? அப்படியானால் அன்று பொய்யாக ஆறுதல் சொல்லியிருந்தால் செத்த நாய் பிழைத்திருக்குமா? இது என்ன நியாயம்?

"வண்டியை எடு," என்றாள். பிறகு கண்ணாடியை இறக்கி உள்ளே பார்த்துக் கூவினாள்: "கம்பவுண்டர் சார்! அந்த லாண்டரிக்காரருக்கு ஃபோன் போட்டு, அவர் நாயைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. இரத்தம் வேணும்னு சொல்லுங்க. நான் வந்து ஏத்தறேன்."

"அவரா? அவரை நீங்க போன மாசம்..." என்று கம்பவுண்டர் தொடங்கினார். கார் கிளம்பிவிட்டது.

கடைக்காரர் ஒரு பெண்மணிக்கு மீன்தீனி அளந்துகொண்டிருந்தார். கடுகைக் கண்டதும் அளப்பதை நிறுத்தாமலே சிரித்தார். "வாங்க டாக்டரம்மா. அதிகாரிங்க பின்னாடி வர்றாங்களா, தனியாத்தான் வந்தீங்களா?"

"தனியாத்தான். ஒண்ணு கேக்கணும்."

"ஒண்ணென்ன, ஒம்பது கேளுங்க."

"எங்க அண்ணன் நாய்க்கு என்ன ஊசி போட்டீங்க?"

"சத்து ஊசி."

"என்ன சத்து?"

"சத்துன்னா சத்துதாங்க. தெம்புக்கு."

அவள் அந்தக் கடையைச் சுற்றிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. கிளிக்கூண்டில் தண்ணீர்க் கிண்ணம் பாசி பிடித்திருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு குவளையில் மீன் பிடிக்கும் சிறுவலையும் பயன்படுத்திய சிரிஞ்சும் ஒன்றாகச் சொருகிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. கத்தினால் அவருடைய வாயிலிருந்து சத்து ஊசியைத் தவிர வேறு எதுவும் வராது என்பது அவளுக்குத் தெரியும். அதைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானே. பின்னால் அண்ணன் மூச்சுவிடும் ஓசை கேட்டது.

கடைசியில் அவள் சொன்னது ஓர் உண்மையை. அவள் வாயிலிருந்து பிடுங்கப்பட்டது போன்ற உண்மை அது. "நீங்க போட்ட ஊசி வேலை செஞ்சிருக்கு."

கடைக்காரரின் கை நின்றது.

"இரத்தத்தைப் பார்த்தேன். கிருமி ஒண்ணு கூட இல்லை. சத்து ஊசியில அப்படி ஆகாது. அதான் என்ன போட்டீங்கன்னு உங்ககிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

"கேட்டீங்களாம்மா!" என்று அவர் மீன்தீனி வாங்கிய பெண்மணியிடம் திரும்பினார். "பெரிய படிப்புப் படிச்ச டாக்டரு. நம்மகிட்ட சந்தேகம் கேக்க வந்திருக்காங்க. உக்காருங்க டாக்டரம்மா, ஏன் நிக்கறீங்க?" ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். அவர் தம் அனுபவத்தைப் பற்றி, தாம் குணப்படுத்திய நாய்களைப் பற்றி, சில டாக்டர்களுக்கு வாய் மட்டும்தான் நீளம் என்பதைப் பற்றி விரிவாகப் பேசினார். அவள் தலையை ஆட்டினாள். நகம் உள்ளங்கையில் பதிந்த தடம் அன்று மாலைவரை மறையவில்லை என்று அண்ணி சொல்வார்.

பேச்சு முடிந்து, கடைக்காரர் இழுப்பறையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் பெருமையோடு நீட்டினார். உள்ளே மஞ்சள் பொடி. வெளியே கொழுத்த பசு ஒன்றின் படம்.

"எவ்வளவு தண்ணியில கலந்தீங்க? எவ்வளவு ஏத்தினீங்க?"

சிரிஞ்சை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோட்டைக் காட்டினார். "பெரிய நாயாச்சே, கொஞ்சம் தூக்கலாவே போட்டேன். நேத்தும் ஒண்ணு போட்டேன்."

"ரெண்டு தடவையா?"

"ஒண்ணுலயே விட்டா நம்ம பேரு கெட்டுடாதா?"

கடுகு மனத்துக்குள் கணக்குப் போட்டாள். ஒரு நாய் தாங்கக்கூடியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் துரையின் உடம்பில் இருந்தது. அவள் ஃபிரிட்ஜில் வைத்திருந்ததை எடுத்துப் போட்டிருந்தால் அது மூன்றாவது ஊசி.

இதற்குள் பாக்கெட்டில் இருந்த படத்தை அண்ணன் பார்த்துவிட்டார். "மாட்டு மருந்தாடா? மாட்டு மருந்தையாடா என் புள்ளைக்குப் போட்டே?" என்று கல்லாவைத் தாண்டிப் பாய்ந்தார். அவரை இடுப்போடு பிடித்து இழுத்தது கடுகு. "அண்ணா, சும்மா இரு. வா, நேரமில்லை." குடும்பத்தில் கடுகு இன்னொருவரைப் பார்த்துச் சும்மா இரு என்று சொன்னதாகப் பதிவானது அந்த ஒரு முறைதான்.

கடையை விட்டு இறங்கும்போது அவள் திரும்பி நின்றாள். "இனிமே நாய்க்கு ஊசி போடாதீங்க. போட்டுத் தொலைச்சா, நாயோட இந்தப் பாக்கெட்டையும் சேர்த்து என்கிட்ட அனுப்புங்க."

"அதுக்கென்னங்க, நமக்குள்ள," என்றார் கடைக்காரர்.

நமக்குள்ள. காரில் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லை அவள் பல்லுக்கிடையில் வைத்து அரைத்தாள்.

ஆஸ்பத்திரியில் லாண்டரிக்காரர் வந்து காத்திருந்தார். பக்கத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு அவருடைய நாய். அதன் கழுத்தைச் சங்கிலி அறுத்துப் புண்ணாக்கியிருந்ததற்காக அவரைப் போன மாதம் இதே அறையில் வைத்து நாறடித்திருந்தாள்.

"இரத்தம் வேணுமாமே டாக்டரம்மா? அன்னிக்கு எனக்கு நீங்க விட்ட இரத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கலாமே."

"கழுத்தைக் காட்டுங்க," என்றாள்.

"என்னோடதா, நாயோடதா?"

அவள் நாயின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். புண் ஆறி, முடி முளைத்திருந்தது. சங்கிலிக்குப் பதில் அகலமான துணிப்பட்டை. முதலில் அந்த நாயின் இரத்தத்தையும் தகட்டில் பார்த்தாள். இன்னொரு நோயை வாங்கி ஏற்றக் கூடாதல்லவா. இரண்டு நாய்களின் இரத்தத்தையும் துளித்துளியாகக் கலந்து, திரியாமல் சேர்கிறதா என்று பார்த்தாள். சேர்ந்தது. லாண்டரிக்காரர் தம் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அது அசையாதபடி ஏதேதோ பேசிக்கொண்டிருக்க, பை நிரம்பியது.

துரையின் முன்காலில் குழாய் ஏறியது. மெதுவாகச் சொட்டவிட்டு, நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒட்டுண்ணிக்கு இனி எந்த ஊசியும் கிடையாது. தட்டணுக்கள் குறைந்திருந்ததால் அந்த இன்னொரு வகையும் கூட இருக்கக்கூடும் என்று அதற்குரிய மாத்திரையைத் தொடங்கினாள். அதை ஒரு மாதம் விடாமல் கொடுக்க வேண்டும். மற்றபடி காத்திருப்பதுதான். நாய் தள்ளாடுகிறதா, கண்மணி தானாக ஆடுகிறதா, கழுத்து பின்னால் வளைகிறதா என்று பார்ப்பதுதான். அடுத்த நாள் காலை துரையின் தலை லேசாக நடுங்கியபோது கடுகு எழுந்து சுவரை உள்ளங்கையால் அறைந்தாள். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கம்பவுண்டருக்குக் காது கேட்கவில்லை.

நடுக்கம் இரண்டு நாள் இருந்தது, கூடவில்லை. பிறகு நின்றது. ஈறில் ரோஜா நிறம் ஏறியது. நான்காம் நாள் அண்ணன் வந்தபோது துரை எழுந்து, தள்ளாடி நடந்து, அவர் உட்கார்ந்திருந்த முக்காலிக்கு எதிரே நின்று முறைத்தது. அண்ணன் எழுந்து இடம் விட்டுவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

துண்டை எடுக்காமலே, "திட்டிடு கடுகு," என்றார். "நீ ஒண்ணும் சொல்லாம இருக்கிறதுதான் தாங்கலை."

"திட்டினா அடுத்த தடவை எங்க போவே?"

"இங்கதான் வருவேன்."

"போன தடவையும் அப்படித்தான் கார் எடுத்தே."

அவள் அதற்குமேல் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவளை நெஞ்செரிச்சல்போல் பல நாள் படுத்தியது.

புகார் கொடுப்பதா என்பதைப் பற்றி அவளும் கம்பவுண்டரும் வாதாடியதுண்டு. "குடுத்தா நாலு நாள் பூட்டுவான். அப்புறம் திறப்பான். மறுபடியும் எல்லாம் சத்து ஊசி ஆகிடும். எனக்கு ஒரு பாக்கெட்டும் வராது," என்றாள்.

"அப்ப குடுக்க வேணாம்."

"குடுக்கலேன்னா நானும் அந்த ஆளும் கூட்டுக் களவாணிங்க!" என்று முக்காலியை உதைத்தாள். முக்காலி பெஞ்சுவரை போனது. முடிவு எதுவும் ஆகவில்லை, இன்றுவரை ஆகவில்லை.

பாக்கெட்டுகள் மட்டும் வரத் தொடங்கின. துரையைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு வந்து அண்ணன் முன்னறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், புதிதாக ஒருவர் வெளுத்த நாயோடு வந்தார். கையில் பசுப்படம் போட்ட பாக்கெட். "மீன்கடைக்காரர் அனுப்பினாருங்க. டாக்டரம்மா நம்ம ஆளுதான், அவங்ககிட்ட இதைக் காட்டுங்கன்னாரு."

கடுகு பாக்கெட்டை வாங்கினாள். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த வசவுகளில் அறிவுகெட்டவனும் உண்டு, கொலைகாரனும் உண்டு, நம்ம ஆளும் உண்டு. வந்தவர் நாயைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, உக்காருங்க," என்றார் அண்ணன். "அது உங்களுக்கில்லை. உள்ள ஒரு ஸ்டெரிலைசர் இருக்கு, அதுக்கு."

தண்ணீர் நின்றது. கடுகு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகம் இன்னும் சிவந்துதான் இருந்தது. நாயைத் தானே வாங்கி மேசைமேல் கிடத்தி, கம்பவுண்டரையே கலவரப்படுத்தும் ஒரு தணிந்த குரலில் கேட்டாள்: "எப்ப போட்டாங்க? எத்தனை தடவை?"

வந்தவர் பின்னறைக் கதவைப் பார்த்தார்; அண்ணனைப் பார்த்தார். "நேத்து காலையில ஒண்ணு. முந்தாநாளும் ஒண்ணுங்க," என்றார்.

கம்பவுண்டர் லாண்டரிக்காரருக்கு ஃபோன் போட எழுந்தார்.